தேறலும் கலங்கலும்

நண்பர் என் முன் வைத்த கண்ணாடிக் குவளையைப் பார்த்ததும் நான் சொன்ன முதல் அபிப்பிராயம், “என்ன இது, கழனித் தண்ணி மாதிரி இருக்கே” என்பதுதான். இடம் புதுச்சேரி. சொந்தமாகப் பீர் தயாரித்து அங்கேயே ஊற்றித் தரும் சிறு கடைகளில் ஒன்று. நண்பர் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மண்ணை வாரும் பெரிய சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அந்த வகையில் அவருக்குக் கொலோன் பக்கம் ஆறு மாதப் பயிற்சி வாய்த்தது. விடுமுறை ஒன்றில் பாம்பெர்க் போய், நிலவறையில் வைத்த பீரைக் குடித்துத் திரும்பியவர். நாற்பது வருஷமாக அதைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார். “வடிகட்டாதது சார். இப்படித்தான் இருக்கும். குடிச்சுப் பாருங்க” என்றார்.

குடித்தேன். நிறம் வைக்கோல் ஊறிய நீரின் நிறம். முகர்ந்தபோது, இரவில் ஊறிய இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளும் காலை நேரத்து அடுக்களை மணம். அதன் பின்னால் சுட்ட ரொட்டியின் மேல்தோல். நாக்கில் முதலில் தானியத்தின் இனிப்பு, கரும்பின் இனிப்பு அல்ல, அவலை மெல்ல மெல்ல வரும் இனிப்பு. அதைத் தொடர்ந்து தொண்டைக்குப் போகும் வழியில் வேப்பம்பூ ரசத்தின் கசப்பு, அதட்டாமல். கடையில் வாங்கும் புட்டிப் பீரில் மூக்கைக் குத்தும் வாயு இதில் தணிந்திருந்தது. வாயில் கொஞ்சம் கனம் இருந்தது. நீராகாரத்தின் கனம் என்றால் நம் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். அடியில் மிஞ்சிய இரண்டு மிடறு மற்றவற்றைவிடக் கலங்கல், மற்றவற்றைவிட நன்றாகவும் இருந்தது.

இதை ஏன் ஒரு இலக்கியப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். இந்தப் பத்து வரியை எழுத எனக்கு இட்லி மாவும் வேப்பம்பூவும் நீராகாரமும் வேண்டியிருந்தன. பானத்துக்கென்று என்னிடம் ஒரு சொல் இல்லை. தமிழில் இல்லாத சொல்லா என்றால், இருந்தது, ஏராளமாக இருந்தது. கள், நறவு, தோப்பி, மட்டு, பிழி, அரியல், தேறல். இவற்றை நிகண்டுக்காரர்கள் ஒரே கயிற்றில் கட்டிக் ‘கள்ளின் பெயர்’ என்று முடித்துவிட்டார்கள். நான் சிதம்பரத்தில் தமிழ் படித்த நாளில் எங்கள் ஆசிரியர், நல்லவர், விபூதி மணக்க வருவார், தேறல் என்ற சொல் வந்தால் ‘தெளிந்த கள்’ என்று சொல்லி, நாங்கள் சிரிப்பதற்குள் அடுத்த அடிக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் அவர் ஆசிரியர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் அந்தச் சொற்கள் ஒரே பொருளின் பல பெயர்கள் அல்ல. அவற்றில் சில செய்முறையின் பெயர்கள். பிழிந்தது பிழி. அரித்தது அரியல். தேறியது, அதாவது வண்டல் கீழே தங்கி மேலே தெளிந்தது, தேறல். வீட்டில் நெல்லரிசியிலிருந்து ஆக்கியது தோப்பி. பனையிலிருந்து இறக்கியதையும் அரிசியிலிருந்து அட்டதையும் நாம் இன்று கள் என்ற ஒரு சொல்லுக்குள் போட்டுக் குழப்புகிறோம். சங்கப் புலவனுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனை வலைஞர் குடியிருப்புக்கு அனுப்பும் இடத்தைப் பாருங்கள். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாய் அகன்ற தட்டில் அதை ஆற்றுகிறார்கள். நல்லடை என்ற ஒன்றை அதில் கலக்கிறார்கள். பாம்பு குடியிருக்கும் புற்றின் உள்ளே இருக்கும் புற்றாஞ்சோறு போல அது பொருபொருவென்று இருக்கிறது. இரண்டு பகலும் இரண்டு இரவும் வாய் வலுத்த சாடியில் விளையவிடுகிறார்கள். பிறகு வெந்நீர் விட்டு, விரலால் அலைத்து, அரித்துப் பிழிகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். நல்லடை என்பதற்கு நெல்முளையை இடித்துச் சேர்த்தது என்று பொருள் கொள்வதுண்டு. அப்படிக் கொண்டால், முளைகட்டிய தானியம், கூழாக்கிய மாவுச்சத்து, நொதிப்பு, வெந்நீர், வடிப்பு என்று பீரின் இலக்கணம் முழுவதும் அங்கே இருக்கிறது. பார்லிக்குப் பதில் நெல், அவ்வளவுதான். இது ஒரு வழிகாட்டிப் பாட்டு, சமையல் குறிப்பு அல்ல; இருந்தாலும் அந்த ஆள் சாடி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விரல் அலைத்ததை எழுதியவன் அந்த விரலைப் பார்த்தவன்.

சுவைத்ததைச் சொல்வதிலும் அவர்களுக்குத் தயக்கம் இல்லை. நாள்பட்ட தேறலின் கடுப்புக்கு ஔவையார் தேள் கொட்டியதை உவமை சொல்கிறார் (புறநானூறு 392). சிறுபாணாற்றுப்படையில் அது சீறி எழும் பாம்பு. இந்த இரண்டு உவமைகளையும் மிகைக் கற்பனை என்று பண்டிதர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். நான் அவற்றை மிகத் துல்லியமான ருசிக் குறிப்புகள் என்று சொல்வேன். தேளின் கடுப்பு ஒரு புள்ளியில் தொடங்கி விறுவிறுவென்று ஏறும். பாம்பின் வெகுளி முதலில் அசைவில்லாமல் இருந்து பிறகு சட்டென்று எழும். இரண்டும் இரு வேறு பானங்கள், அல்லது ஒரே பானத்தின் இரு வேறு வயது. மேல்நாட்டில் இன்று ‘பாதாம், ஈர மண், பச்சை ஆப்பிள்’ என்று எழுதிச் சம்பாதிக்கும் நிபுணர்களில் எத்தனை பேர் கால அளவையும் சேர்த்து ஒரு உவமையில் சொல்லிவிடுவார்கள்?

எனக்கு அன்று புதுச்சேரியில் சட்டென்று நினைவுக்கு வந்தது இன்னொரு பாட்டு. பாரியின் பறம்பைப் பாடும் கபிலர் (புறநானூறு 120) நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டைச் சொல்கிறார். நண்பர் அப்போதுதான் லாகர் என்ற ஜெர்மன் சொல்லுக்குச் ‘சேமித்து வைத்தல்’ என்று பொருள் என விளக்கிக்கொண்டிருந்தார். பவேரியாவில் 1553இல் ஒரு ஆணை வந்தது: செப்டம்பர் இறுதியிலிருந்து ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம், கோடையில் கூடாது. அதனால் குளிர்காலத்தில் காய்ச்சியதைப் பாறை குடைந்த நிலவறைகளில் பனிக்கட்டி வைத்துக் கோடைக்குக் காத்தார்கள். குளிரில் மெதுவாக வேலை செய்யும் ஒரு ஈஸ்ட் அந்த நிலவறைகளில் தானாகவே தேர்ந்து நிலைத்தது. அது ஒரு கலப்பினம்; அதன் பெற்றோரில் ஒன்றைப் பத்தகோனியாக் காடுகளில் கண்டதாக 2011இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பீப்பாயின் பக்கத்தில் ஒரு சிறு குழாய் இருக்கும். காய்ச்சுபவர் அதைத் திறந்து, முதிர்ந்துவிட்டதா என்று ருசி பார்ப்பார். அவர் பார்க்கும் அந்தக் கலங்கலான பீரைத்தான் இன்று நிலவறைப் பீர் என்று தனிப் பெயரிட்டு விற்கிறார்கள். ஒரு காலத்தில் எல்லா பீரும் அதுதான்.

கபிலரின் மட்டை லாகர் என்று சொல்லித் ‘தமிழன் கண்டுபிடித்தான்’ என்று மேடையேறும் உத்தேசம் எனக்கில்லை. பறம்பில் பனிக்கட்டி கிடையாது. ஆனால் மண்ணுக்குள் குளிர்ச்சி உண்டு என்பதும், பொறுத்தால் ருசி மாறும் என்பதும் இரண்டு இடத்திலும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பீர் எப்போது தெளிந்தது என்பது சுவாரஸ்யமான கதை. இங்கிலாந்தில் மீனின் காற்றுப்பையைக் காயவைத்துக் கரைத்து ஊற்றி வண்டலைக் கீழே இழுத்தார்கள், நாம் வெள்ளக்காலத்துக் கெடிலத்துத் தண்ணீரில் தேற்றாங்கொட்டை இழைத்ததைப் போல. கொட்டையின் பெயரிலும் அதே ‘தேறு’தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணாடிக் குவளை மலிவாகி மண் குவளையும் மரக் குவளையும் போனபின் குடிப்பவன் கண்ணால் குடிக்க ஆரம்பித்தான் என்பார்கள். 1842இல் பில்சன் ஊரில் வந்த பொன்னிற லாகர் அந்தக் கண்ணுக்குத் தீனி. 1876இல் பாஸ்தர் பீரைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். 1878இல் வோர்ம்ஸ் நகரத்து என்ட்ஸிங்கர் பீரை வடிகட்டும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். 1883இல் கோபன்ஹேகனில் ஹான்ஸன் ஒற்றைச் செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்டைப் பிரித்தெடுத்தார். லிண்டேயின் குளிர்பதன இயந்திரமும் இதே பத்தாண்டில்தான். ஏழெட்டு வருஷத்துக்குள் பீர் சுத்தமாகி, தெளிவாகி, கெடாமல் கப்பலேறும் சரக்காகிவிட்டது. வடிகட்டுவதால் ருசி கூடியது என்று யாரும் சொல்லவில்லை. வடிகட்டினால் பயணம் போகும். வரியும் போடலாம்.

வரி என்றதும் கடலூருக்கு வந்துவிட வேண்டியதுதான்.

எங்கள் ஊருக்கு ஜெர்மானியர் வந்தது நண்பரின் சுரங்க இயந்திரங்களோடு அல்ல. 1737இலேயே மிஷனரிகள் வந்தார்கள். அவர்களைவிட எனக்கு ஆர்வமூட்டுபவர்கள் 1783இல் வந்த சிப்பாய்கள். இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் ஹானோவருக்கும் அதிபதி. ஆகவே ஹானோவர் படைப்பிரிவுகள் இரண்டு கம்பெனிக்காக இங்கே அனுப்பப்பட்டன. ஜூன் 13 அன்று, புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை பிடித்து வைத்திருந்த கடலூரின் தெற்கே ஜெனரல் ஸ்டூவர்ட்டின் கீழ் அவர்கள் போரிட்டார்கள், நிறையப் பேர் செத்தார்கள். மாதக் கடைசியில், ஐரோப்பாவில் ஏற்கெனவே சமாதானமாகிவிட்டது என்ற சேதி வந்து சேர்ந்தது. (அப்போது பிடிபட்ட பிரெஞ்சு சார்ஜண்ட் ஒருவன்தான் பின்னால் சுவீடனின் அரசனான பெர்னடாட் என்று ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. கடலூர்க்காரர்கள் நம்பலாம், செலவில்லை.) பீர் தேசத்திலிருந்து வந்த அந்தச் சிப்பாய்களுக்கு இங்கே பீர் ஏது? கம்பெனிப் படையில் ஐரோப்பியச் சிப்பாய்க்குப் படியாகக் கிடைத்தது சாராயம். அதிலும் உள்ளூரில் வடித்த மலிவான சாராயத்துக்கு ஆங்கிலேயர் நம் ஒரு ஜாதியின் பெயரையே முன்னடையாக வைத்து அழைத்தார்கள். ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் (1886) அதற்குத் தனிப் பதிவே இருக்கிறது. பானத்தை இழிவுசெய்ய மனிதரின் பெயர் போதுமானதாக இருந்தது. மனிதரை இழிவுசெய்யப் பானமும் பிறகு பயன்பட்டது.

கடலூருக்கு மேற்கே சிறிது தூரத்தில் நெல்லிக்குப்பம். பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை அங்கே 1840களிலிருந்து இருக்கிறது. சர்க்கரை இருந்தால் கழிவுப்பாகு இருக்கும். பாகு இருந்தால் சாராயம் இருக்கும். 1897இல் லண்டனில் பதிவான கம்பெனியின் பெயர் ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபாக்டரீஸ்’. பெயரில் சாராயம் முதலில், சர்க்கரை அடுத்துத்தான். பின்னால் அதன் முதலெழுத்துகள் மட்டும் மிஞ்சி இ.ஐ.டி. பாரி ஆயிற்று. என் சொந்தக்காரர்கள் இரண்டு தலைமுறையாக அந்த ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியவர்கள். அந்த ‘டி’ எதைக் குறிக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம். கள்ளை வைத்துக்கொண்டு சர்க்கார் என்ன செய்ய முடியும்? காலையில் இறக்கியது பிற்பகலில் கடுக்கும், மறுநாள் காடியாகும். ஓரிடத்தில் சேர்க்க முடியாது, தூரம் அனுப்ப முடியாது, அளவுகோலை உள்ளே விட்டு இத்தனை பங்கு என்று சொல்ல முடியாது. ஆகவே மரத்துக்கு எண் போட்டு மரவரி வாங்கினார்கள். ஒவ்வொரு மரத்தடிக்கும் ஒரு சேவகன் போக வேண்டும். சாராயம் அப்படியல்ல. ஒரு ஆலை, ஒரு வாசல், வாசலில் ஒரு அதிகாரி, அவர் கையில் ஒரு மிதப்பு மானி. தண்ணீர்போலத் தெளிந்திருக்கும், வீரியத்தை எண்ணால் எழுதலாம். தென்னாற்காட்டில் நெல்லிக்குப்பத்துச் சாராயம் பரவியது இந்தத் தர்க்கத்தால்தான். ருசி இதில் எங்குமே வரவில்லை. அரசாங்கம் என்பது தெளிந்த திரவத்தை விரும்பும் ஒரு பிராணி.

பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1937இல் சேலத்தில் ராஜாஜியின் மதுவிலக்கு. இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி. 1948இல் மாகாணம் முழுவதும் விலக்கு. 1971இல் ஒத்திவைப்பு, 1974இல் மறுபடி விலக்கு, 1981இல் கடைகள் மறுபடி திறப்பு. 1983இல் புட்டி மதுவை மொத்த விற்பனை செய்ய அரசு நிறுவனம். 2003இல் சில்லறையும் அதன் கையில். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை, அது இன்னும் நீங்கவில்லை. பனை மாநில மரம். அதிலிருந்து பதநீர் இறக்கலாம், சுண்ணாம்பு தடவ மறந்தால் குற்றம்.

அந்த 1981க்கும் 1987க்கும் இடையிலான சந்தில்தான் நான் சிதம்பரத்தில் மாணவனாக இருந்தேன். கிழக்கே கிள்ளை போகும் வழியில் ஒரு தோப்பு. அங்கே ஒரு பெரியவர், மரமேறி. முதல் முறை போனபோது என்னைப் பார்த்ததுமே, “படிக்கிற புள்ளையா? காலைல வா தம்பி, சாயங்காலத்துது ஒனக்கு ஆவாது” என்று திருப்பியனுப்பிவிட்டார். மறுநாள் காலை போனேன். தென்னை மட்டையடியிலிருந்து பிய்த்த பன்னாடையைக் கலயத்தின் வாயில் வைத்து ஊற்றினார். தேனீ, எறும்பு, பாளைத் துணுக்கு எல்லாம் மேலே தங்கின. பால் போன்றது கீழே இறங்கியது. பன்னாடையைத் திட்டும் சொல்லாக மட்டும் அறிந்திருந்த எனக்கு அது ஒரு கருவி என்று தெரிந்தது அன்றுதான். நன்னூலில் கடை மாணாக்கனுக்கு உவமையாக வரும் நெய்யரிக்கு உரைகாரர்கள் பன்னாடை என்றுதான் பொருள் சொல்வார்கள்: நெய்யை விட்டுவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்வது. பெரியவரிடம் சொன்னேன். “அழுக்கப் புடிக்கிறதுதானே அதோட வேலை. அதப் போயி ஏன் வையணும்?” என்றார். நன்னூலின் மேல் எனக்கிருந்த மரியாதை அன்று சற்றுக் குறைந்தது.

அவரிடம் சொற்கள் இருந்தன. எந்த மரம், எந்தப் பாளை, எத்தனை மணி, மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம் என்று ருசிக்கு ருசி காரணம் சொல்வார். அவற்றை எழுதி வைக்கவில்லை. அதே வாரம் வகுப்பில் பெரும்பாணாற்றுப்படை நடந்தது. தோப்பையும் பாடத்தையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பாடம் பரீட்சைக்கு, தோப்பு ரகசியத்துக்கு. அடுத்த ஆண்டுகளில் தோப்புக்குப் போகும் வழக்கம் விட்டுப்போயிற்று. 1987க்குப் பிறகு ஒருமுறை போனபோது அவர் கீற்று முடைந்துகொண்டிருந்தார். கேட்க வெட்கமாக இருந்தது, திரும்பிவிட்டேன்.

அந்த வெட்கத்தைத்தான் நான் இங்கே பிரதானமாகச் சொல்ல வருகிறேன். கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவருக்குக்கூட, காமத்தின் இனிமையைச் சொல்லக் கள்தான் அளவுகோலாகத் தேவைப்பட்டது. கண்டிக்கும்போதும் அவருக்கு அதன் ருசி மறக்கவில்லை. நம் நவீன எழுத்தைப் பாருங்கள். குடிகாரன் உண்டு, அவன் மனைவியின் கண்ணீர் உண்டு, கடை உண்டு, தள்ளாட்டம் உண்டு. பானம் இல்லை. அது வாயில் எப்படி இருந்தது என்று நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? பேச்சில் மிஞ்சியிருப்பவை ‘சரக்கு’, ‘குவார்ட்டர்’, ‘கட்டிங்’: ஒன்று கிடங்கின் சொல், மற்ற இரண்டும் அளவையின் சொற்கள். ஆப்காரி அதிகாரியின் மிதப்பு மானி நம் நாக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இது வெறும் ரசனை விவகாரமாக எனக்குப் படவில்லை. பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்த கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்துக் கடற்கரையில். மெத்தனால் தண்ணீரைப்போலத் தெளிந்தது. கள்ளில் கெட்டது இருந்தால் மூக்கு சொல்லும், நாக்கு சொல்லும். கிள்ளைப் பெரியவர் என் முகத்தைப் பார்த்தே ஆகாது என்று சொன்னார். ருசி பார்க்கத் தெரிந்த ஒரு மரபை மூடிவிட்டு, ருசியே இல்லாத ஒன்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கப் பழக்கினோம். கள்ளை அனுமதித்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று வாதாட நான் வக்கீல் அல்ல. குடி கெடுத்த குடும்பங்கள் என் தெருவிலேயே உண்டு, என் குடும்பத்திலும் உண்டு. ஆனாலும் அந்த வாரம் தினசரிகளைப் படித்தபோது எனக்குத் தேறல் என்ற சொல் கூசியது. தேறுதல் என்றால் தெளிதல், நோய் நீங்குதல், நம்பிக்கை கொள்ளுதல், பரீட்சையில் ஜெயித்தல். கலங்குதல் என்றால் அழுகை. மொழி தன் தீர்ப்பை எப்போதோ எழுதி வைத்துவிட்டது. நம் கவிதைகளைப் பார்த்துக் ‘கலங்கலாக இருக்கிறது, புரியவில்லை’ என்று புகார் வந்த நாட்களில் நாமும் இந்தத் தீர்ப்பைத்தான் வாங்கிக்கொண்டோம்.

இரண்டாவது குவளை வந்தது. “இதுக்குத் தமிழ்ல என்ன சார் சொல்லலாம்?” என்று நண்பர் கேட்டார். தோப்பி என்றேன். தோப்பில் கிடைப்பதாலா என்றார். இல்லை, வீட்டில் ஆக்குவது, தோப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெரும்பாணாற்றுப்படை என்று ஆரம்பித்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பில்லின் பின்புறத்தில் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். பீருக்கு நாம் ஒரு வினைச்சொல்கூட வைத்திருக்கவில்லையே என்று அடுத்த கேள்வி. கள் இறக்குகிறோம், சாராயம் காய்ச்சுகிறோம், பீரை என்ன செய்கிறோம்? ‘அடுதல்’ என்று அதே பாட்டில் இருக்கிறது, சோறு அடுவதுபோல, என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

கடலூர் பஸ் முள்ளோடையில் நின்றது. சோதனைச்சாவடிக் காவலர் ஏறி, இருக்கைகளுக்கு அடியில் குனிந்து, பைகளைத் தடவிப் பார்த்தார். என் பையில் இரண்டு புத்தகங்கள். புட்டி ஏதாவது இருக்கா ஐயா என்றார். இல்லை என்றேன். என் வாய் மணந்திருக்க வேண்டும். ஒரு கணம் முகத்தைச் சுளித்து, பிறகு லேசாகச் சிரித்தார். “பீரா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, இட்லி மாவு வாசனை இன்னும் இருக்கிறதா என்று உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தேன். பஸ் பெண்ணையாற்றுப் பாலத்தை நோக்கிப் புறப்பட்டது.